ரெண்டு கூழ், ஒரு மொட்டை மாடி

2024 மே மாசம் எங்க வீட்டு மொட்டை மாடில ரெண்டு கூழ் காய வச்சோம். ஒண்ணு வத்தலுக்கு அரிசிக் கூழ், இன்னொண்ணு கொட்டான், அதாவது சாமான் போட்டு வைக்கிற கூடை, செய்றதுக்கு பேப்பர் கூழ். ரெண்டும் முதல் தடவை கெட்டுப் போச்சு, ரெண்டும் ரெண்டாவது தடவை நல்லா வந்துச்சு. எதனால கெட்டுச்சு, எத மாத்துனதும் சரியாச்சுன்னு எம்பொண்ணு ஒரு பழைய நோட்டுல தேதி போட்டு எழுதி வச்சிருக்கா, அத பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் இத எழுதுறேன். வீட்ல இந்த மாதிரி செஞ்சு பாக்குறவங்களுக்கு செய்முறையவிட எங்க தப்புதான் அதிகம் உதவும்னு நினைக்கிறேன், அதனால தப்ப முழுசா சொல்றேன்.

நாங்க மதுரையில மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்கோம். நான், வீட்டுக்காரர், எட்டாவது முடிச்ச பொண்ணு, அஞ்சாவது முடிச்ச பையன். லீவுக்கு மேலூர் பக்கத்துல இருந்து எங்கம்மா வந்திருந்தாங்க, புள்ளைகளுக்கு அம்மாச்சி. அந்த வருஷம் வீடு மாறுனதுல அட்வான்ஸ் கொடுத்தே கை காலியாயிருச்சு, எங்கயும் கூட்டிட்டுப் போக முடியல, பையன் சம்மர் கேம்ப் கேட்டான், அதுக்கும் ஃபீஸ் கட்ட முடியல. அவன் அதுக்கு அழுகல, சரிம்மான்னு போயிட்டான், அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. சரி 500 ரூபாய்க்குள்ள வீட்லயே ஏதாவது செய்வோம்னு உக்காந்தோம். ரேஷன்ல வாங்குன பச்சரிசி இருந்துச்சு. ஜவ்வரிசி, பச்சை மிளகாய், எலுமிச்சம்பழம், வெந்தயம், பெருங்காயம் இதெல்லாம் வாங்குனது 200 ரூபாய்க்கு உள்ளதான். பேப்பர் வீட்லயே கட்டுக் கட்டா கெடந்துச்சு.

முதல் தடவை

மே 14ஆம் தேதி பச்சரிசி நாலு தம்ளர் ஊற வச்சு அரைச்சு ராத்திரி புளிக்க விட்டேன், ஜவ்வரிசி ஒரு தம்ளர் தனியா ஊறுச்சு. 15ஆம் தேதி புதன்கிழமை விடியக்காலைல அஞ்சு மணிக்கு கூழ் காய்ச்ச ஆரம்பிச்சேன். போன்ல ஒரு வீடியோவ பாத்துக்கிட்டே செஞ்சேன், அதுல பத்து நிமிஷம்னு போட்டிருந்துச்சு, நானும் கடிகாரத்த பாத்து பத்து நிமிஷத்துல இறக்கிட்டேன். வெயில் ஏறுறதுக்குள்ள ஊத்திரணும்ங்கிற அவசரம் வேற. அவங்க காட்டுன பாத்திரத்துல ஒரு தம்ளர் மாவு, என் பாத்திரத்துல நாலு தம்ளர், இது அப்ப எனக்கு உறைக்கவே இல்ல. உப்ப கூழ்ல நக்கிப் பாத்து சரியா இருக்குன்னு நிறுத்துனேன். வேட்டிய நனைச்சுப் பிழிஞ்சு விரிச்சோம், பொண்ணு கரண்டில ஊத்துனா, பையன் காக்கா விரட்டுறதுக்கு குடைய விரிச்சு வச்சுக்கிட்டு மாடிலயே உக்காந்திருந்தான்.

அதே நாள்தான் பேப்பரும். ஒரே ஒரு ராத்திரி ஊறுன பேப்பர பையன் கிழிச்சுப் போட்டான், அதோட ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வர்ற வழவழ கலர் தாளும் சேர்ந்துருச்சு. பழைய மிக்ஸி ஜார் ஒண்ணு இருந்துச்சு, அதுல தண்ணி கம்மியா விட்டு அரைச்சோம், ரெண்டாவது சுத்துலயே மோட்டார் சூடாகி கருகுன வாடை வந்துச்சு, நிறுத்திட்டோம். அரைபட்டதும் அரைபடாததுமா இருந்த கூழ்ல மைதா பசைய ஊத்திப் பெசஞ்சு எவர்சில்வர் குண்டாவ கவுத்துப் போட்டு மேல அப்புனோம். அடிப்பக்கம் ரெண்டு விரக்கடை கனம் இருக்கும். கனமா இருந்தாத்தான் உறுதியா இருக்கும்னு நினைச்சோம்.

அம்மா அன்னைக்கு கீழ வீட்டுல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணும் சொல்லல.

16ஆம் தேதி மத்தியானம் மேகம் கட்டி மழை பிடிச்சுக்கிச்சு. கத்திரி வெயில் நடுவுல அப்படி ஒரு மழை. 17ஆம் தேதி குத்தாலம் பழைய அருவில திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பையன் இறந்து போனானே, அதே மழைக் காலம்தான். வேட்டிய அப்படியே சுருட்டி வீட்டுக்குள்ள ஃபேனுக்கு கீழ போட்டோம். மூணாவது நாள் புளிச்ச வாடை, நடுவுல கனமா ஊத்துன வத்தல்ல கருப்பும் பச்சையுமா புள்ளி. பூஞ்சை புடிச்சத மட்டும் எடுத்துட்டு மிச்சத்த வச்சுக்கலாமான்னு வீட்டுக்காரர் கேட்டாரு. நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். பூஞ்சை கண்ணுக்குத் தெரியுற இடத்துல மட்டும் இருக்காது, சில பூஞ்சை விடுற அஃப்ளடாக்சின் மாதிரி விஷம் எண்ணெய்ல பொரிச்சாலும் முழுசா போகாது, அதுவும் புள்ளைக திங்கிற பொருள். நாலு தம்ளர் அரிசியையும் கொட்டுனோம். ரேஷன் அரிசிதானன்னு யாராவது சொல்லலாம், எனக்கு அத கொட்டுறப்ப வயிறு எரிஞ்சுச்சு.

கொட்டான் வெளிய பாத்தா காஞ்ச மாதிரி இருந்துச்சு. குண்டாவ விட்டு எடுக்கிறப்ப அடிப்பாகம் குண்டாவோடயே ஒட்டிக்கிச்சு, ஓரம் மட்டும் வளையமா கையோட வந்துச்சு. உள்ள ஈரம், முக்குன வாடை.

மழை மட்டுமா காரணம்

நான் மழைதான்னு முடிவு பண்ணி நோட்டுல எழுதச் சொல்லிட்டேன். அப்பத்தான் அம்மா மாடிக்கு வந்தாங்க, கொட்ட வச்சிருந்த வத்தல்ல ஓரத்துல இருந்த நாலஞ்ச எடுத்து கைல வச்சுப் பாத்தாங்க. அது மெல்லிசா ஊத்துனது, 15ஆம் தேதி சாயங்காலமே காஞ்சிருச்சு, மழை அத தொடவே இல்ல. ஆனா அதுவும் குறுக்கும் நெடுக்குமா வெடிச்சிருந்துச்சு, விரலால நெருக்குனா மாவா உதிர்ந்துச்சு.

"இது மழை பண்ணுனது இல்லத்தா, கூழு வேகல"ன்னாங்க.

அப்ப அன்னைக்கே சொல்லிருக்கலாம்லம்மான்னு கேட்டேன். "நீங்க போன பாத்துக்கிட்டு இருந்தீக, என்னையக் கேக்கல, கேட்டா சொல்லிருப்பேன்"னு சாதாரணமாத்தான் சொன்னாங்க, கோவமெல்லாம் இல்ல. எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு. நாப்பது வருஷமா ஒவ்வொரு சித்திரைக்கும் வத்தல் போட்ட கை அது, பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு நான் யாரோ ஒருத்தங்க வீடியோவ பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

பொண்ணு நோட்டுல மழைன்னு எழுதுனத அடிச்சுட்டு நாலு காரணமா எழுதுனா. கூழ் வேகல. கனமா ஊத்துனோம். உப்பு. மழை. உப்பு எப்படி வந்துச்சுன்னா, கொட்டுறதுக்கு முன்னாடி அந்த ஓரத்து வத்தல்ல பூஞ்சை இல்லாத ஒண்ண அம்மா நுனி நாக்குல வச்சுப் பாத்துட்டு உடனே துப்பிட்டாங்க, அம்புட்டு கரிப்பு. ஒரு தம்ளர் மாவுக்கு ஆறு தம்ளர் தண்ணி போகுது, காயுறப்ப அந்தத் தண்ணி பூரா போயிரும், உப்பு அங்கயேதான் இருக்கும். கூழ்ல ருசி சரியா இருந்தா வத்தல்ல அது பல மடங்கு. கூழ்ல உப்பு பத்தலன்னு தோணணும், அதுதான் அளவுன்னாங்க அம்மா.

சின்னதா ஒரு சோதனை

திரும்ப நாலு தம்ளர் அரிசிய பணயம் வைக்க எனக்கு மனசு இல்ல. கத்திரி 28ஆம் தேதி முடிஞ்சுச்சு, 29ஆம் தேதி ஒரே ஒரு தம்ளர் அரிசி மாவ மூணாப் பிரிச்சோம். முதல் பங்கு நான் அன்னைக்கு செஞ்ச மாதிரியே, கெட்டியானதும் இறக்குனது. ரெண்டாவது பங்கு அடுப்ப சிம்ல வச்சு அம்மா கை வச்சுப் பாத்து சொல்ற வரைக்கும் கிண்டுனது. மூணாவது அதே மாதிரி வேக வச்சு, வெந்த ஜவ்வரிசி சேர்த்தது. மூணுக்கும் ஒரே கரண்டி, ஒரே உப்பு, ஒரே வெயில். வேட்டித் துணி மூணு துண்டு, ஒவ்வொண்ணு மூலையிலயும் வேற வேற கலர் நூல் கட்டி விட்டான் பையன், அது அவன் யோசனைதான்.

அம்மா பாத்த விதத்த கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இதுதான் மொத்த விஷயமும். கூழ் முதல்ல வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி இருக்கும். கிண்டக் கிண்ட அந்த வெள்ளை மங்கி ஒரு கண்ணாடித்தனம் வரும், பளபளன்னு ஆகும், பச்சை மாவு வாடை போய் சோறு வடிச்ச வாடை வரும், குமிழி சின்னதா வர்றது மாறி பெருசா பொத்துப் பொத்துன்னு வெடிக்கும், கைல தெறிக்கும், பாத்து நிக்கணும். அப்ப விரல தண்ணில நனைச்சு கூழ் மேல லேசா தொடணும். ஒட்டாம வந்தா வெந்துருச்சு, ஒட்டுனா இன்னும் வேணும். அந்த சின்ன பங்குக்கே கெட்டியானதுக்கு அப்புறம் ஒரு கால் மணி நேரம் ஆச்சு. அம்மா கடிகாரத்த ஒரு தடவ கூட பாக்கல. எலுமிச்சஞ் சாறு மட்டும் கூழ் ஆறுனப்புறம் விட்டாங்க, வத்தல் வெள்ளையா வர்றதுக்கு.

பொண்ணுக்கு ஏன்னு தெரியணும். அரிசி மாவுல இருக்கிற ஸ்டார்ச் தண்ணியோட சேர்ந்து நல்லா சூடானாத்தான் ஒவ்வொரு துணுக்கும் தண்ணிய குடிச்சு உப்பி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும், அது ஆறி காயுறப்ப ஒரே ஏடா நிக்கும். பாதி வெந்தா மாவு மாவாவே உக்காந்திருக்கும், தண்ணி போனதும் சுருங்கி வெடிச்சிரும். பொரியுறதும் அதேதான், நல்லா காஞ்ச வத்தலுக்குள்ளயும் கொஞ்சூண்டு ஈரம் இருக்கும், சூடான எண்ணெய்ல அது ஆவியாகி வெளிய வரப் பாக்கும், ஏடு முழுசா இருந்தா அது ஊதி விரியும், வெடிச்சிருந்தா ஆவி சந்துல போயிரும், வத்தல் கல்லு மாதிரி கெடக்கும். ஜவ்வரிசி சேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்குல செய்றது, கிட்டத்தட்ட முழுக்க ஸ்டார்ச்தான், அதனால அது சேர்ந்தா இன்னும் அதிகமா விரியும்.

அன்னைக்கு சாயங்காலமே பச்சை நூல் கட்டுன முதல் பங்கு வெடிச்சிருச்சு, கண்மாய் வத்துனா தரை பாளம் பாளமா பிளக்கும்ல அதே மாதிரி. மத்த ரெண்டும் முழுசா இருந்துச்சு. மழைத்துளி ஒண்ணு கூட விழாத நாள். அந்த துணிய பாத்துட்டு நோட்டுல மழைய நாலாவது இடத்துலயே விட்டுட்டோம், சரியாத்தான் எழுதிருக்கோம்னு.

ரெண்டு நாள் கழிச்சு பொரிச்சுப் பாத்தோம். முதல் பங்கு சிவந்துச்சே தவிர பொரியல. ரெண்டாவது நல்லா பொரிஞ்சு மொறுமொறுன்னு இருந்துச்சு, ஜவ்வரிசி போட்டது அதவிட பெருசா விரிஞ்சாலும் வாயில கொஞ்சம் பல்லுல ஒட்டுச்சு. புள்ளைகளுக்கு பெருசு புடிச்சது, அம்மாவுக்கும் வீட்டுக்காரருக்கும் ரெண்டாவது. பேசி ஆறு தம்ளர் அரிசிக்கு ஒரு தம்ளர் ஜவ்வரிசின்னு முடிவு பண்ணோம், இப்பவும் அந்த அளவுதான்.

ஸ்கூல் 6ஆம் தேதி திறக்குறதா இருந்தத வெயில்னால ஜூன் 10க்கு தள்ளிட்டாங்க, எங்களுக்கு அது நல்லதாப் போச்சு. ஜூன் 2 ஞாயித்துக்கிழமை மூணு தம்ளர் அரிசி, அரை தம்ளர் ஜவ்வரிசி. கேரளாவுல மே 30ஆம் தேதியே பருவமழை ஆரம்பிச்சிருந்துச்சு, மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு அது பெரும்பாலும் காத்தாத்தான் வரும். காத்து நல்லா அடிச்சா வெயில் கொஞ்சம் கம்மியா இருந்தாக்கூட சீக்கிரம் காயும், ஆனா தூசி அள்ளிட்டு வரும், அதனால பழைய கொசுவலைய மேல கட்டுனோம். சாயங்காலம் மேகம் கூடுனா எல்லாத்தையும் உள்ள எடுத்துருவோம். ரெண்டாவது நாள் வேட்டிய திருப்பிப் போட்டு பின்பக்கம் தண்ணி தெளிச்சு அஞ்சு நிமிஷம் விட்டு உரிச்சோம், ஒண்ணு கூட கிழியாம வந்துச்சு. அப்புறம் தட்டுல போட்டு இன்னும் ரெண்டு நாள் வெயில். ஒடிச்சா டக்குன்னு சத்தம் வரணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம்.

கொட்டான்

பேப்பர் கூழுக்கும் அம்மாவையே கேட்டோம். அவங்க ஊர்ல சின்ன வயசுல செஞ்சிருக்காங்க, முறத்துல இருக்கிற ஓட்டையக்கூட இந்தக் கூழ்லதான் மெழுகி அடைப்பாங்களாம். முதல்ல சொன்னது ஊற விடணும்னு. ஒரு ராத்திரி பத்தாது, நாலு நாள், தினமும் தண்ணிய மாத்தணும், இல்லன்னா நாறிரும். வழவழ தாள் ஆகாதுன்னாங்க. அந்தத் தாள் மேல களிமண்ணு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அதனால தண்ணி சீக்கிரம் உள்ள இறங்காது, நார் பிரியாது. அதுக்குப் பதிலா புள்ளைக எழுதி முடிச்ச நோட்டுத் தாள சேர்த்தோம். கரூர் பக்கம் புகளூர்ல இருக்கிற டிஎன்பிஎல் பேப்பர் மில்லுல கரும்புச் சக்கையிலதான் பேப்பரே செய்றாங்கன்னு நான் சொன்னதும் பையன் கைல இருந்த தாள மோந்து பாத்தான், இனிப்பு வாடை வருதான்னு.

நாலு நாள் ஊறுனது கைல பெசஞ்சாலே நூல் நூலா பிரிஞ்சிருச்சு. கீழ் வீட்டு அக்கா வாசல்ல சும்மா கெடந்த ஆட்டுக்கல்ல கேட்டு வாங்கி அதுல ஆட்டுனோம், அப்புறம் தேச்சுக் கழுவிக் குடுத்தோம். மைதாவுக்குப் பதிலா வெந்தயம். ஒரு பெரிய சட்டி கூழுக்கு ரெண்டு கைப்பிடி வெந்தயம் ராத்திரி ஊற வச்சு அரைச்சது. வெந்தயத்துல கேலக்டோமேனன்னு ஒரு பசைச்சத்து இருக்கு, ஊற வச்ச வெந்தயம் வழுவழுன்னு இருக்குறது அதனாலதான், அது நாரெல்லாம் புடிச்சு வச்சுக்கும், மைதா மாதிரி சீக்கிரம் முக்காது. பூச்சி வராம இருக்க அம்மா ஒரு கை வேப்பிலையும் சேர்த்து ஆட்டுனாங்க. சிலர் இதுக்கு மயில்துத்தம், அதான் காப்பர் சல்பேட், போடுவாங்க, அது விஷம், புள்ளைக கைல பெசயுற பொருள்ல நான் போட மாட்டேன்.

அச்சுக்கு மண்பானை. எவர்சில்வர் தண்ணிய குடிக்காது, மண்பானை குடிக்கும், அதனால உள்பக்கமும் காயும். பானைய கவுத்து மேல நைஞ்ச ஈரத் துணி போட்டு, அதுக்கு மேல கூழ மெல்லிசா, ஒரு விரல் கனத்துல பாதிதான், தட்டித் தட்டி அப்புனாங்க. ஒரு நாள் காயணும், அப்புறம் மேல இன்னொரு பூச்சு. பாதி காஞ்சப்ப பானைய உருவிட்டு கொட்டான நிமித்தி உள்பக்கம் வெயில் படுற மாதிரி வச்சோம். நாங்க முதல் தடவை நினைச்சது தலைகீழ், கனம் ஜாஸ்தியானா உறுதி வரல, நடுவுல ஈரம்தான் நின்னுச்சு. வத்தல்லயும் கனமா ஊத்துன இடத்துலதான பூஞ்சை வந்துச்சுன்னு பொண்ணு சொன்னப்பத்தான் ரெண்டும் ஒரே தப்புன்னு எனக்கே தெரிஞ்சுச்சு.

இதே காகிதக் கூழ் வேலைதான் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைலயும், கொலுவுக்கு வர்ற லேசான பொம்மைகள்லயும் இருக்கு. அத சொன்னதும் பையன் மிஞ்சுன கூழ்ல ஒரு ஆனை செஞ்சான், காது ஒண்ணு விழுந்துருச்சு, திரும்ப ஒட்ட வச்சான்.

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கும் அம்மாவுக்கும் ஒத்துப் போகல. அவங்க காலத்துல இதுல மாவு, பயறு எல்லாம் போட்டு வச்சிருக்காங்க, வத்தலையும் இதுலயே போட்டு வைப்போம்னாங்க. அச்சு மை உடம்புக்கு ஆகாதுன்னு உணவுப் பாதுகாப்ப பாக்குற மத்திய அரசு அமைப்பு எஃப்எஸ்எஸ்ஏஐ 2016லயே சொல்லிருக்கு, 2023லயும் சொன்னாங்க, நியூஸ் பேப்பர்ல பலகாரம் மடிக்கவே கூடாதுன்னு. நம்ம கொட்டான் முழுக்க அந்த பேப்பர்தான். இத அம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னு ஒரு நாள் பூரா யோசிச்சேன், அவங்க வாழ்ந்தத தப்புன்னு சொல்ற மாதிரி ஆயிரக் கூடாதுல்ல. பொண்ணு போய் பக்கத்துல உக்காந்து, பேப்பர் மைய கைல தேச்சுக் காட்டுனா, விரல் கருப்பாச்சு. அம்மா அத பாத்துட்டு "சரித்தா, வேற எதுக்காவது வச்சுக்குவோம்"னாங்க. ஒண்ணுல துணி கிளிப்பு, ஒண்ணுல ஊசி நூலு பட்டன், மூணாவது பையனோட கலர் பென்சிலுக்கு. வத்தல் எவர்சில்வர் டின்னுல.

ஜூன் 9ஆம் தேதி ராத்திரி, மறுநாள் ஸ்கூல், ரசஞ்சோறும் வத்தலும். மொத்தச் செலவு, சிலிண்டர் போக, 310 ரூபாய். அம்மா மறுநாள் காலைல ஊருக்குக் கிளம்புனாங்க, ஒரு தூக்குல வத்தல் குடுத்து விட்டோம். போறப்ப பையன்கிட்ட அடுத்த வருஷம் வெந்தயம் வேண்டாம், புளியங்கொட்டை பசை வச்சு செய்வோம், அது இன்னும் கெட்டியா புடிக்கும், கொட்டைய சேத்து வைன்னு சொல்லிட்டுப் போனாங்க. அவன் ஜன்னல் திண்டுல ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வச்சிருக்கான், குழம்புக்கு புளி கரைக்கிறப்பல்லாம் கைய நீட்டிக்கிட்டு வந்து நிக்கிறான்.